ஹெப்சி எண்ணிய பதினோரு நொடி

ஹெப்சி அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் பேச்சுக்காக எதிரில் இருப்பவர் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். கேம்ப் ரோட்டு டாக்டர் இரண்டு நொடி. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் நான்கு. சர்ச்சில் போதகர் ஐந்து. ஆனால் அந்த ஐந்திலும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதால் அதை மூன்று என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பார். அதற்குள் முடிக்காவிட்டால் மீதி வாக்கியத்தை எதிராளியே முடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாக.

பிறக்கும்போதே வந்த மூளை முடக்குவாதம். கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. நாக்கு கேட்கும், ஆனால் மூச்சைத் திரட்டிக்கொண்டு வர நேரமாகும். மூன்று சொல், ஒரு மூச்சு. இரண்டு சொல், ஒரு மூச்சு. அவர் பேசியதை இங்கே நான் எழுதும்போது அந்த இடைவெளிகள் தெரியாது. அவர் பேசும் இடங்களில் கொஞ்சம் நிதானித்துப் படித்தால் போதும்.

2008 பிப்ரவரியில் நான் அவரை முதலில் பார்த்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. அம்மா ரத்தினபாய் டீச்சரோடு ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தார். டீச்சருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். தாம்பரம் பக்கம் வந்து இருபத்தெட்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தும் 'மக்ளே' மட்டும் வாயிலிருந்து போகவில்லை. அப்பா, ஹெப்சிக்கு நான்கு வயதில் வளைகுடாவுக்குப் போனவர். கடிதம் நின்ற வருடத்தை டீச்சர் சொல்வதில்லை.

பள்ளியில் வாய்மொழியாகக் கேள்வி கேட்டால் ஆசிரியை இவரைத் தாண்டி அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவாராம். பத்தாம் வகுப்புப் பரீட்சையில், இவர் சொல்லச் சொல்ல எழுத ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். இவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டாள். "ஹிஸ்டரில அது அவ மார்க்கு. என்னோடது இல்ல," என்பார். பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தார். பட்டச் சான்றிதழை வெளியில் மாட்டவில்லை. நான் என்னுடையதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன் என்று சொன்னபோது சிரித்தார். சிரிக்கட்டும். செங்கத்துக்கு உள்ளே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் தெருவில், பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். அதைச் சுவரில் மாட்டாமல் வேறு எங்கே வைப்பது?

அந்தப் படிப்புதான் என்னைச் சேலையூரில் எட்மண்ட் சாரிடம் கொண்டுவந்து சேர்த்தது. எட்மண்ட் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊனமுற்றவர்கள் தாங்களே பேசித் தயாரிக்கும் ஒலி இதழ் ஒன்றைத் தரைத்தளத்து இரண்டு அறைகளில் நடத்திக்கொண்டிருந்தார். மாதம் ஒரு இதழ். பாட்காஸ்ட்டாக இணையத்தில் ஏற்றுவோம். இணையம் வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் இருநூறு சிடி எழுதிச் சிறப்புப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்புவோம். அதில் ஹெப்சி அக்காவின் பகுதி பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு மாதமும் ஒருவரைப் பேட்டி எடுப்பார். நிகழ்ச்சிக்கு அவரே வைத்த பெயர் 'நடுவுல பேசாதீங்க'.

முதல் மாதப் பதிவை எடிட் செய்தது நான். இலவசமாக இறக்கிய ஒரு மென்பொருள். அதில் குரல் திரையில் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பேச்சில்லாத இடம் தட்டைக் கோடாக இருக்கும். அரை நொடிக்கு மேல் நீளும் கோட்டையெல்லாம் ஒரே சொடுக்கில் நீக்க ஒரு வசதி உண்டு. நீக்கினேன். இருபத்தாறு நிமிடம் ஒன்பதாகச் சுருங்கியது. பகுதி மாறும் இடங்களில் ஒரு தபலா உருட்டலைச் சேர்த்தேன். யாரும் கற்றுக்கொடுக்காமல் நானே கண்டுபிடித்தது என்ற நினைப்போடு அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன்.

"நல்லா இருக்கு தம்பி. யாரு பேசுறது?" என்றார் அக்கா.

"நீங்கதாங்க்கா."

"மூச்சே விடலயே. கேக்கறவங்க ஆம்புலன்ஸக் கூப்பிடப் போறாங்க."

டீச்சர் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். "இன்னொரு தடவ போடுங்க தம்பி," என்றார். போட்டேன். முடியும்வரை அசையவில்லை. "இவ இப்படிப் பேசினா எப்படி இருக்கும்னு முப்பது வருஷமா நெனச்சிட்டு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே குழாய் திறந்திருந்தது, வெகுநேரம்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: "அம்மாவுக்கு ஒரு காப்பி குடுத்துடுங்க. ஊருக்கு என்னோடது போகட்டும்."

அப்படித்தான் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வந்தது. அக்காவின் மூச்சைத் தொடக்கூடாது. பதிவின் நீளம் அதிகமானால் கேள்வியைக் குறைக்கலாம், இடைவெளியைக் குறைக்கக்கூடாது. பகுதி மாறும் இடத்தில் தபலாவுக்குப் பதில் இரண்டு நொடி சும்மா விட்டு, அடுத்துப் பேசுபவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றப் பகுதிகளில் தபலாவோடு வெளியான இதழைக் கேட்டுப் பார்வையில்லாத நேயர் ஒருவர் எழுதியிருந்தார், தபலா உருள்வதில் பேசுபவரின் முதல் சொல் அடிபட்டுப்போகிறது, யார் பேசுகிறார் என்றே தெரிவதில்லை என்று. எட்மண்ட் சார் மட்டும் ஒரு தபலாவாவது இருக்கட்டும் என்றார். "கொஞ்சம் உற்சாகம் வேணும்ப்பா. இல்லன்னா இழவு வீட்டு ரேடியோ மாதிரி இருக்கு." ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டோம். அதை எங்கே வைப்பது என்பது என் பொறுப்பு.

ஜூன் மாதம், பெரும்பாக்கம் போகும் வழியில் உள்ளடங்கிய ஒரு தெருவில் இருந்த பெண்கள் விடுதிக்குப் போனோம். பெயர் வேண்டாம். போலியோ, பார்வை இழப்பு, விபத்து என்று பதினைந்து பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். பேட்டிக்கு விடுதியே ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. கன்னியம்மா. நாற்பத்து நான்கு வயது. இரண்டு காலிலும் போலியோ. இடுப்பு வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் கொண்ட கேலிப்பர் மாட்டி, கோல் ஊன்றி நடப்பார். இரும்பு ஷூ என்றுதான் அங்கே எல்லோரும் சொன்னார்கள். துணிப்பை தைத்துக்கொண்டே நன்றாகப் பேசினார். எந்த மாவில் தோசை வார்த்தால் ஒட்டாது என்பது வரைக்கும் பேசினார்.

கடைசியில் அக்கா கேட்டார்: "இங்க உங்கள நல்லா பாத்துக்கறாங்களா?"

கன்னியம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டது. பக்கத்தில் நின்ற வார்டன் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். நான் ரெக்கார்டரின் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா பாத்துக்கறாங்க," என்றார் கன்னியம்மா.

எடிட் செய்தபோது பதினான்கரை நிமிடம் வந்தது. அக்காவின் மூச்சைத் தொடவில்லை; ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கன்னியம்மா பேசிய இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அந்தச் சொடுக்கைப் போட்டேன். கன்னியம்மாவுக்குப் பேச்சில் குறையில்லை. குறையில்லாதவரின் மௌனம் வெறும் யோசனைதானே, அதை எதற்குக் கேட்பவர் சுமக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பை எழுதக் கை கூசுகிறது. பன்னிரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. கேள்வி முடிந்தவுடன் பதில். பதில் முடிந்தவுடன், எட்மண்ட் சாருக்காக வைத்திருந்த தபலா.

விடுதிக்கு அந்த இதழ் மிகவும் பிடித்துப்போனது. முப்பது சிடி கேட்டு வாங்கி, அங்கே இருக்கும் பெண்களின் குடும்பங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். எட்மண்ட் சார் அந்த வாரம் முழுக்க எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார்.

ஆடி மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை பகலில் அக்கா வீட்டில் அடுத்த பேட்டிக்கான கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தோம். அவருடைய செல் அடித்தது. இதழின் கடைசியில் அந்த எண்ணைச் சொல்லுவோம். நான் ஸ்பீக்கரில் போட்டு அவருடைய சக்கர நாற்காலியின் மடிப்பலகையில் வைத்தேன்.

"யம்மா, நான் கன்னியம்மா. துணிப்பை தெச்சிக்கினு இருந்தனே, ஞாபகம் கீதா?"

"இருக்குக்கா. சொல்லுங்க."

"கூழு ஊத்துறாங்கன்னு தம்பி வூட்டுக்கு இட்டாந்துச்சி. கீழ்க்கட்டளை. திரும்பி அங்க போவ மாட்டேன்னு சொன்னேன். ஏன்னு கேட்டான். எனக்கு வாய் வரல. அவன் உங்க சிடிய டிவில போட்டுக் காட்றான். நீயே உன் வாயால சொல்லிக்கிற, அப்புறம் இன்னாத்துக்குப் பேஜார் பண்றன்றான்."

அக்கா மூச்சைத் திரட்டிக்கொண்டிருந்தார். கன்னியம்மா காத்திருந்தார். பிறகு அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யம்மா, அதுல நீ கேட்டவொடனே நான் சொல்ற மாதிரி கீது. நான் அப்படியா சொன்னேன்?"

"இல்லக்கா," என்றார் அக்கா. "பதினோரு நொடி. நான் எண்ணினேன்."

"ஞாயித்துக்கெழம காலைல இட்டும்போயி வுட்டுடுவேன்றான்."

போன் வைக்கப்பட்டது. அக்கா என்னைப் பார்த்தார். "மூலப் பதிவு இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை. எங்கள் கம்ப்யூட்டரில் நாற்பது ஜிபி டிஸ்க். சிடி எழுதி முடித்ததும் அந்த மாதத்து மூலப் பதிவை அழித்துவிடுவேன். அதுவும் நானே ஏற்படுத்திய ஒழுங்குதான். சொன்னேன். சொல்லிவிட்டு, உடனே சரிசெய்துவிட முடியும் என்று காட்டும் அவசரத்தில், "பதினோரு நொடி காலியிடம் சேர்த்திடலாம்க்கா. அஞ்சு நிமிஷ வேலை. புது சிடி எழுதி நாளைக்கே அவங்க தம்பிகிட்ட குடுத்துடலாம்," என்றேன்.

"அந்த ரூம்ல ஃபேன் கத்திச்சு. வார்டன் வளையல் சத்தம் கேட்டுச்சு. கன்னியம்மா அக்கா எச்சில் முழுங்கினாங்க. உங்க பதினோரு நொடில என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அப்போ அது அவங்களோடது இல்ல. நாம செஞ்சது. நீங்களே நீட்டிட்டீங்கன்னு அந்தத் தம்பி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சர் வெளியே வந்தார். "இது நமக்கு எதுக்கு மக்ளே? அவங்க வீட்டு விஷயமாக்கும். போய் நின்னா நம்மளத்தான் ஏசுவான்."

"அம்மா, சிடி வந்தப்போ நானும் கேட்டேன்," என்றார் அக்கா. இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்தும் சொல்லவில்லை. "அந்த இடத்துல ஏதோ குறையுதுன்னு தெரிஞ்சுது. என் மூச்ச விட்டுட்டாங்கல்ல, அது போதும்னு இருந்துட்டேன். நல்லா ஸ்பீடா இருக்குன்னுகூட நெனச்சேன்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. டீச்சர் மடித்த துணியைத் திரும்ப மடித்தார்.

சனிக்கிழமை காலை கீழ்க்கட்டளைக்குப் போனோம். சக்கர நாற்காலியை மடக்கி ஆட்டோவின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினேன். அக்காவை டீச்சர் பிடித்துக்கொண்டார். மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நெரிசல்; வெயில் ஆட்டோவின் உள்ளே வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. வழி முழுக்க அக்கா பேசவில்லை. பேசுவதற்கு வேண்டிய மூச்சைச் சேர்த்து வைக்கிறார் என்று டீச்சர் சொன்னார்.

கன்னியம்மாவின் தம்பி துளசிங்கம் ஏரிக்கரைக்குப் போகும் சந்தில் இருந்தார். பிளம்பர். ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் இரண்டு படி. அவரும் நானும் நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தோம். மனைவி ஏற்றுமதிக் கம்பெனி வேலைக்குப் போயிருந்தார். கன்னியம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். இரும்பு ஷூ பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது.

"உக்காருங்க மேடம். ஆங், உக்காந்துகினு தான் கீறீங்க, சாரி," என்றார் துளசிங்கம். அக்கா சிரித்தார். அவருக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும். துளசிங்கத்துக்கும் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

"அக்காவப் பத்தி…" என்று ஹெப்சி அக்கா ஆரம்பித்தார்.

"ஆமா மேடம், அக்காவப் பத்தி தான் நீங்க சூப்பரா போட்டு இருந்தீங்களே. வார்டனம்மா கூட நல்ல மாதிரி. எனக்கு இன்னா, இங்க வெச்சிக்க ஆசை இல்லாமயா? பொண்ணு வயசுக்கு வந்துட்டா. ஒரே ரூம்பு. பாத்ரூம் வெளிய கீது, நாலு வூட்டுக்கு ஒண்ணு. அக்கா அதுக்கு எப்படிப் போவும், நீங்களே சொல்லுங்க…"

"டேய், நடுவுல பேசாத," என்றார் கன்னியம்மா. "அவங்க ப்ரோக்ராம் பேரே அது தான்."

துளசிங்கம் வாயை மூடிக்கொண்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அக்கா சொல்ல வேண்டியதைச் சொன்னார். அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு மௌனம் இருந்தது, அதை நாங்கள் வெட்டிவிட்டோம், இப்போது அதே கேள்வியை உங்கள் எதிரிலேயே திரும்பக் கேட்கிறேன். இவ்வளவுதான். துளசிங்கம் என்னைப் பார்த்தார். வெட்டியது நான்தான் என்று சொன்னேன். "இன்னாத்துக்கு?" என்றார். நேரம் மிச்சமாகும் என்று வெட்டினேன் என்றேன். அந்த அறையில் அது எவ்வளவு கேவலமான பதிலாக ஒலித்தது என்பதைச் சொல்லத் தெரியவில்லை.

ரெக்கார்டரை அக்காவின் நாற்காலிக் கையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கன்னியம்மாக்கா, அந்த விடுதில உங்கள நல்லா பாத்துக்கறாங்களா?"

கன்னியம்மா தன் மடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் போனது. துளசிங்கம் வாயைத் திறந்தார். அக்கா கையை உயர்த்தினார். அந்தக் கை அவர் நினைத்த பக்கம் போகாமல் பக்கவாட்டில் வீசியது, ஆனால் கண் போதுமானதாக இருந்தது. துளசிங்கம் அடங்கினார். இன்னும் கொஞ்ச நேரம் போனது. பக்கத்து வீட்டில் யாரோ துணியை அடித்துத் துவைத்தார்கள். டீச்சர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தன் பிள்ளைக்காக இத்தனை வருடம் மற்றவர்களிடம் "கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்சியவர், அன்று அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் இருந்தார்.

தூரத்தில் விமானம் ஒன்று இறங்கும் சத்தம் கேட்டது. மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்கள் அந்தப் பக்கம் தாழப் பறக்கும். பதிவு பாழாகிவிடும் என்று நான் ரெக்கார்டரை நிறுத்தக் கை நீட்டினேன். அக்கா தலையை அசைத்தார். சத்தம் கூரை மேலேயே வந்தது. ஷீட் அதிர்ந்தது. அப்போதுதான் கன்னியம்மா பேசினார்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு ஷூவ கழட்டி வாங்கி பீரோல பூட்டிடுவாங்க. காலைலதான் குடுப்பாங்க. ராத்திரில எழுந்து எங்கனா போயி வுழுந்து வெச்சா யாரு பதில் சொல்றதுன்னுவாங்க. ஒண்ணுக்கு வந்தா தவுந்துதான் போவணும். ஈரத்துல."

விமானம் போய்விட்டது.

துளசிங்கம் சுவரில் சாய்த்திருந்த இரும்பு ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கே சொல்லி இருக்கலாம்ல," என்றார்.

"வார்டனம்மா பக்கத்துல நின்னுகினு இருந்தா."

"இங்க வந்து பத்து நாளாச்சே."

"நீ கேக்கற. கேட்டுட்டு நீயே பதிலும் சொல்லிக்கினு வேலைக்குப் போயிட்ற."

துளசிங்கம் எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று பீடி பற்ற வைத்தார். திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கிப் போவ வேணாம். அப்புறம் பாக்கலாம்."

'அப்புறம்' என்பது எவ்வளவு காலம் என்று அக்கா கேட்கவில்லை. அந்தப் பதிவை வெளியில் போடலாமா என்று மட்டும் கன்னியம்மாவிடம் கேட்டார்.

"போடு. பேரு சொல்லாத போடு," என்றார் கன்னியம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இத போட்டா அங்க இருக்கிற மத்தவங்கள இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார். ஹெப்சி அக்கா ரெக்கார்டரை நிறுத்தும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார்.

எட்மண்ட் சார் பதிவைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். அவர் கெட்டவர் இல்லை. "ஏம்மா ஹெப்சி, நாம செஞ்ச தப்ப நாமளே மைக் வெச்சு சொல்லணுமா? ஃப்ளைட் சத்தத்துல ஒண்ணும் புரியவும் இல்ல. வேடியப்பா, இதக் கொஞ்சம் க்ளீன் பண்ணக்கூட முடியாதா?" என்று என்னிடம் கேட்டார். முடியும், ஓரளவுக்கு. விமானத்தின் இரைச்சலைக் குறைத்தால் கன்னியம்மாவின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகும். வேறு யாரோ சொல்வது போல. அப்படியே விட்டேன்.

மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு முடிவு வந்தது. இணையத்தில் மட்டும் போடலாம், சிடி வேண்டாம். பழைய இதழை இணையத்திலிருந்து எடுத்தோம். வெளியே போன இருநூறு சிடியை என்ன செய்ய முடியும்? எத்தனை வீடுகளில் எத்தனை தம்பிகள் அதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று, சிடி அனுப்பிய முகவரிப் பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் இதழில் அக்காதான் முதலில் பேசினார். "போன மாசத்துக்கு முந்தின மாசம் ஒரு பதில் கேட்டிருப்பீங்க. அந்தப் பதில் உடனே வரல. பதினோரு நொடி கழிச்சு வந்துச்சு. அத நாங்க எடுத்துட்டோம். தப்பு." பிறகு துணி துவைக்கும் சத்தம், நீண்ட மௌனம், விமானம், அதற்குள் கன்னியம்மா. அவர் 'ஈரத்துல' என்ற பிறகு எதைப் போடுவது என்று அரை நாள் உட்கார்ந்திருந்தோம். இரண்டு நொடி சும்மா விட்டுப் பார்த்தோம், போதவில்லை. ஐந்து விட்டோம், பாடம் சொல்வது போல இருந்தது. கடைசியில் துளசிங்கம் வெளியே போன செருப்புச் சத்தத்தை மட்டும் வைத்து, அங்கேயே நிகழ்ச்சியை முடித்தோம். நேயர்களில் மூன்று பேர், கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது, திரும்ப ஏற்றுங்கள் என்று எழுதினார்கள். ஒருவர் எதுவும் எழுதாமல், தான் இருக்கும் விடுதியின் முகவரியை மட்டும் அனுப்பியிருந்தார். அதை அக்கா என்னிடம் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

விடுதிக்கு எதிராக மனு எழுதிக் கொடுத்தோம். ஒருநாள் அதிகாரிகள் வந்து பார்த்தார்களாம். வந்தது பகலில். எல்லோர் காலிலும் ஷூ இருந்திருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் துளசிங்கம் போன் செய்தார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "மேடம், தீபாவளி வரைக்கும் வெச்சிக்கிறேன். வூட்ல தெனம் சண்ட. அங்க வேணாம், சரி. வேற எங்கனா நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அக்கா விடுதிகளுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் என்று ஒன்பது எண்களை நான் எழுதிக் கொடுத்தேன். நான் பேசுகிறேன் என்றால் விடுவதில்லை. ஒரே கேள்விதான் அவருக்கு: ராத்திரியில் ஷூ யாரிடம் இருக்கும்? அந்தக் கேள்விக்கு முன்னால் வணக்கம் சொல்ல வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். நான்கு இடங்களில் பெயர் முடிவதற்குள் வைத்துவிட்டார்கள். ஒரு இடத்தில், ராங் நம்பர் என்று சொல்லி வைத்தார்கள். இரண்டு இடங்களில் இடம் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் ஒரு பெண் முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க பொறுப்புல தான் இருக்கும், கவலப்படாதீங்க," என்று அன்பாகச் சொன்னாள். அக்கா நன்றி சொல்லி வைத்தார்.

டீச்சர் நேற்று கூடத்து மூலையில் இருந்த தையல் மெஷினை நகர்த்தி வைத்து அந்த இடத்தை முழம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, மெஷினைத் திரும்ப அதே இடத்தில் தள்ளி வைத்தார்.

ஒன்பதாவது எண் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு விடுதி. இன்று காலை அக்கா அதை அழுத்தச் சொன்னார். அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மடிப்பலகையில் வைத்தேன். மணி அடித்தது. எடுத்தார்கள். "யாரு?" என்றது ஒரு ஆண் குரல்.

அக்கா மூச்சைத் திரட்டத் தொடங்கினார். "ஹலோ, யாருங்க, சொல்லுங்க," என்றார் அவர். வைக்கவில்லை. இன்னும் வைக்கவில்லை.

"வணக்கம் சார்," என்றார் அக்கா.